அப்பாவின் புத்தகம் பென் டிரைவில் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை

வாசகர் கடிதம், சுருக்கமாக:

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. அவருடைய தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சுற்றுவட்டாரக் கோவில் கொடை விழாக்களில் சுடலைக்கும் இசக்கிக்கும் பாடுகிற வில்லுப்பாட்டுகளைப் பல வருடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தவர். 2003இல் அதைச் சிறு புத்தகமாகச் சிவகாசியில் அச்சிட்டு, கொடைக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அந்தப் பக்கங்களின் சிடி வீட்டில் இருக்கிறது. பிறகு இன்னொரு மடங்கு பாட்டுகளைச் சேர்த்து இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்தார். திருநெல்வேலி டவுனில் உள்ள ஒரு வடிவமைப்பாளரிடம் பத்தாயிரம் ரூபாய் முன்பணமும் குடும்பத்திலிருந்த பழைய போட்டோக்களும் கொடுத்தார். “பார்த்துத் திருத்தம் சொல்லுங்க சார்” என்று அவர் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். அதைத் திறந்து பார்க்க முடியாமலே தந்தை சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்.

இப்போது வடிவமைப்பாளர், மீதி பதினைந்தாயிரம் வந்தால்தான் போட்டோக்களைத் தருவேன் என்கிறார். ‘ஓப்பன் ஃபைல்’, அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பு, வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பத்தாயிரம். தம்பியோ, “எதுக்குக்கா காசு? கிராக் பண்ணுன சாஃப்ட்வேர் இருக்கு, நான் ஏத்தித் தாரேன்” என்கிறான். சகோதரியின் கேள்விகள் நான்கு: முழு மென்பொருளை வாங்காமல் இந்தக் கோப்புகளைப் பார்க்க முடியுமா? தம்பி சொல்வது பெரிய குற்றமா? அப்பாவின் புத்தகத்தை வடிவமைப்பாளர் பிடித்து வைக்கலாமா? போட்டோக்களைத் தராததற்குப் போலீசில் திருட்டுப் புகார் கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

எழுத்தாளர்களுக்கும் அச்சகத்தாருக்கும் நடுவே வரும் தகராறுகளைப் பார்க்கிற வழக்கறிஞன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் தந்தை சேர்த்து வைத்தது பாடுகிறவர்களின் வாயோடு போய்விடக்கூடிய செல்வம். அது வெளியே வர வேண்டும். அதற்கு நீங்கள் நினைக்கிற அளவு பணமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

போலீஸ் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் தந்தை தன் கையால் கொடுத்த போட்டோக்கள் அவை. அது திருட்டு ஆகாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஒரு பொருளை வாங்கி அதன்மேல் உழைப்பையும் திறமையையும் செலவழித்தவர், அந்த வேலைக்கான கூலி கைக்கு வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தையே சட்டம் அங்கே உதாரணமாகச் சொல்கிறது. போட்டோக்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பக்கத்தில் வைத்திருந்தால் அந்த வேலைக்கான பாக்கி தீரும்வரை அவர் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. பேசி முடித்த வேலைக்கான மீதிக்குத்தான் பிடித்து வைக்கலாம். ‘ஓப்பன் ஃபைல்’ என்று புதிதாகக் கேட்கிற பத்தாயிரத்துக்காகப் போட்டோக்களைப் பிடித்து வைக்க முடியாது. இந்த இரண்டு தொகைகளையும் ஒன்றாகப் போட்டுப் பேச விடாதீர்கள்.

முதலில் நகல் எடுங்கள்

பென் டிரைவில் இருந்த கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை ‘பிடிஎஃப்’ என்று மாற்றிப் பார்த்தும் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. பழைய பெயரையே திரும்ப வையுங்கள்; கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிறகு சிடியில் உள்ளதையும் பென் டிரைவில் உள்ளதையும் ஃபோல்டரோடு அப்படியே இரண்டு இடங்களில் நகலெடுங்கள். 2003இல் எழுதிய சிடி இன்னும் படிக்கிறது என்றால் அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். இப்போதைய லேப்டாப்பில் சிடி போட இடம் இருக்காது. யுஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கலாம். இனி எந்தக் கடைக்குப் போனாலும் நகலைத்தான் கொண்டுபோக வேண்டும். மூலம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

மென்பொருள் வாங்காமல் பார்ப்பது எப்படி

உங்களிடம் இரண்டு விதமான கோப்புகள் இருக்கின்றன. சிடியில் உள்ளது ‘பி65’ என்று முடிகிறது. அது பேஜ்மேக்கர் 6.5இல் செய்தது. பென் டிரைவில் உள்ளது ‘ஐஎன்டிடி’, அது இன்டிசைன். இரண்டும் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள். இரண்டுக்கும் வழி வேறு.

பேஜ்மேக்கர் விற்பனையில் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். ஆனால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள், 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் தன் ‘டிரா’ பகுதியில் திறக்கிறது. பக்க அமைப்பு அங்கங்கே நகர்ந்திருக்கும். பாட்டு வரிகள் வந்துவிட்டால் உங்களுக்கு அது போதும்.

திறந்ததும் திரையில் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குவியல்தான் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து மூடிவிடாதீர்கள். அந்தக் காலத்து டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை, முழுக்கப் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் நடந்தது. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அதே எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் குவியல் தமிழாக மாறிவிடும். சிடியில் ‘ஃபான்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு இன்னதென்று தெரிந்தபின் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் வரிகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியபின் பிழை பார்ப்பது கட்டாயம். அன்று தட்டச்சு செய்தவர்கள் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தையும், ரகரம் வர வேண்டிய இடத்தில் துணைக்காலையும் அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் அச்சில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். யூனிகோடில் அது பிழையாக வந்து நிற்கும். பிழை பார்க்கிறவர் கொடையில் பாட்டுக் கேட்டவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வட்டாரப் பேச்சையெல்லாம் தவறென்று நினைத்து இலக்கணத் தமிழாக்கிவிடுவார். உங்கள் தந்தை காதால் கேட்டதைக் கேட்டபடி எழுதியவர் என்பதை மறக்காதீர்கள்.

முதல் பதிப்பின் அச்சுப் பிரதி வீட்டில் இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. பக்கங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளை அது படித்துத் தரும். சிடி ஏமாற்றினாலும் முதல் பதிப்பு போய்விடாது.

இன்டிசைன் கோப்புதான் உங்களுக்கு உயிரானது. புதிய பாட்டுகள் அதில் மட்டுமே இருக்கின்றன. வெறும் பார்வைக்கு என்றால் அடோபி பிரிட்ஜ் என்ற மென்பொருள் இலவசம், ஒரு கணக்குத் திறந்தால் போதும். இன்டிசைன் கோப்பைச் சேமிக்கும்போது பக்கங்களின் சிறு படங்களையும் உள்ளே வைக்கும் வசதி உண்டு. அவற்றைப் பிரிட்ஜ் காட்டும். எத்தனை பக்கம், எவ்வளவு பெரிதாக என்பது வடிவமைப்பாளர் வைத்திருந்த அமைப்பைப் பொறுத்தது. முதல் ஓரிரு பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இது என்ன கோப்பு, எந்தப் புத்தகம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். வாசிக்க உதவாது.

ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஐஎன்டிடியை நேராகத் திறக்காது. அதையே இன்டிசைனில் திறந்து ‘ஐடிஎம்எல்’ என்ற வகையில் ஒருமுறை சேமித்துக் கொடுத்தால் ஸ்கிரைபஸ் திறக்கும். ஆகவே எப்படிப் போனாலும் ஒரே ஒருமுறை உண்மையான இன்டிசைன் தேவைப்படுகிறது. அந்த ஒருமுறைக்காக அதை வாங்க வேண்டியதில்லை. அதைத் தயாரிக்கிற அடோபி நிறுவனமே ஏழு நாள் சோதனைக்கு முழு மென்பொருளையும் தருகிறது. கார்டு எண் கேட்பார்கள். ஏழு நாளுக்குள் ரத்து செய்யாவிட்டால் பணம் பிடிப்பார்கள். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுகிற திட்டம் என்றால் பாதியில் விலகவும் கட்டணம் உண்டு. எனவே ரத்து செய்ய வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் பாளையங்கோட்டையிலோ ஜங்ஷனிலோ உரிமத்தோடு இன்டிசைன் வைத்திருக்கிற டிடிபி கடையில் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. அரை நாள் வேலை, அனுபவமுள்ள கை.

அங்கே கேட்க வேண்டியவை மூன்று: பிடிஎஃப், ஐடிஎம்எல், பாட்டு வரிகள் மட்டும் தனியாக ஒரு வேர்ட் கோப்பு. திறக்கும்போது ‘எழுத்துரு இல்லை, படங்கள் இல்லை’ என்று எச்சரிக்கை வரும். இல்லாத எழுத்துரு உள்ள வரிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த எழுத்துருக்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துருவை நிறுவாமல் பிடிஎஃப் எடுத்தால் குப்பைதான் வரும். படங்களைப் பொறுத்தவரை, இன்டிசைன் பெரும்பாலும் அவற்றைக் கோப்புக்குள் வைப்பதில்லை; எங்கே இருக்கின்றன என்ற முகவரியையும் ஒரு மங்கல் பிம்பத்தையும்தான் வைத்திருக்கும். உங்கள் பென் டிரைவில் ஒற்றைக் கோப்பு மட்டும் இருப்பதால் போட்டோக்கள் அச்சுக்குத் தேறாது. அதற்கு வடிவமைப்பாளரிடம்தான் போக வேண்டும்.

‘ஏற்றினால் பிடிஎஃப் ஆக்கித் தருகிறோம்’ என்று அழைக்கிற இணையதளங்களுக்கு இந்தக் கோப்பை அனுப்பாதீர்கள். வெளிவராத ஒரு நூலை முகம் தெரியாதவர் கணினியில் விட்டு வருகிறீர்கள். உங்கள் பழைய தமிழ் எழுத்துரு அங்கேயும் இருக்காது, ஆகவே பலனும் கிடைக்காது.

தம்பி சொல்கிற வழி

தம்பியின் நோக்கம் நல்லது, வழி தவறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டுவரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்லாத பயன்பாடு என்றால், தக்க காரணம் இருந்தால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து ஐம்பதாயிரம்வரை அபராதத்தோடு விடலாம். உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று தம்பி சொல்வான். வராமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் அரசு ஊதியம் வாங்குகிற ஆசிரியை. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கிராக் கோப்புகளோடு வருகிற வைரஸ், உள்ளே செருகிய பென் டிரைவையும் சேர்த்துத் தின்றுவிடும். ஏழு நாள் இலவசமாகக் கிடைப்பதற்கு இந்த ஆபத்து எதற்கு?

எது யாருக்குச் சொந்தம்

“அப்பாவின் புத்தகம், அதனால் ஃபைலும் எங்களுடையது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முன்னுரை, குறிப்புகள், பாட்டுகளைத் தேர்ந்து அடுக்கிய விதம் எல்லாம் உங்கள் தந்தையின் படைப்பு. பதிப்புரிமை அவருக்கு. அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது நிலைக்கும். உயில் எழுதாமல் அவர் காலமானதாகச் சொல்லியிருப்பதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. மூத்த பிள்ளை என்பதால் நீங்கள் மட்டும் முடிவெடுக்க முடியாது. அச்சுக்குப் போகுமுன் மூவரும் கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதமும், தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டு வரிகளோ முழுக்க உங்கள் தந்தையுடையவை ஆகமாட்டா. தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகிற பழைய கதைப்பாட்டுகள் எவருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் இப்போதைய ஒரு புலவர் தானே கட்டிய பாட்டு இதில் இருந்தால் உரிமை அவருடையது. அவரைப் போய்ப் பார்த்து அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். புத்தகத்தில் அவர் பெயரையும் போடுங்கள். அப்பாவின் நோட்டுகளில் யார் பாடியது என்று ஓரத்தில் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

இனி அந்த ‘ஓப்பன் ஃபைல்’. தையற்காரரிடம் சட்டைக்குக் கூலி கொடுத்தால் சட்டை கிடைக்கும்; அவர் வெட்டி வைத்த காகித அளவு தானாகச் சேர்ந்து வராது. அதுபோல, தருவதாக முன்பே பேசியிருந்தாலொழிய, வேலை செய்த மூலக் கோப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வடிவமைப்பாளரை வற்புறுத்த முடியாது. அவர் தயங்குவதற்கு நேர்மையான காரணமும் இருக்கக்கூடும்: மூலக் கோப்போடு எழுத்துருக்களும் போக வேண்டும், விலைக்கு வாங்கிய எழுத்துருவை அடுத்தவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமம் இருக்காது. அதே சமயம், அவருக்கு உங்கள் தந்தையின் எழுத்தில் எள்ளளவும் பங்கு இல்லை. பதிப்புரிமையை ஒருவருக்கு மாற்ற வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அப்படி எதுவும் நீங்கள் கொடுக்கவில்லை. ஆகவே அந்த வரிகளை வேறொருவரிடம் கொடுத்துப் புதிதாகப் பக்கம் அமைத்து அச்சிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் வரைந்த அட்டையையும் அலங்காரங்களையும் மட்டும் அவர் சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள்; அதில் வாதத்துக்கு இடமுண்டு, உங்களுக்கு அந்த வாதம் தேவையில்லை.

வடிவமைப்பாளர் அண்ணாச்சியிடம் என்ன கேட்பது

என் யோசனை: ஓப்பன் ஃபைலுக்குப் பத்தாயிரம் கொடுக்காதீர்கள். சிவகாசி அச்சகத்துக்குத் தேவை அச்சுத் தரமான பிடிஎஃப் மட்டுமே. பிற்காலத்தில் திருத்தம் செய்யத் தேவை யூனிகோடில் உள்ள வரிகளும் ஸ்கேன் செய்த படங்களும். இவை பேசிய வேலையின் பகுதி என்று கேட்பதில் தவறில்லை. மீதிப் பதினைந்தாயிரத்தை முழு மனதோடு கொடுங்கள். அவர் வேலை செய்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள், பிற்காலத்துக்கு அதுவே ஆதாரம்:

“வணக்கம் அண்ணாச்சி. அப்பா தந்த வேலைக்கு மீதி ரூபாய் 15,000 தர நாங்க தயார். வாங்கும்போது இதெல்லாம் வேணும்: எழுத்துரு உள்ளடக்கிய அச்சு பிடிஎஃப், வாசிக்க ஒரு சிறிய பிடிஎஃப், பாட்டு வரிகள் தனியா யூனிகோட் வேர்ட் ஃபைல்ல, ஸ்கேன் பண்ணுன படங்கள் முழு அளவுல, அப்பா தந்த போட்டோ எல்லாம் எண்ணிக்கையோட. ஐடிஎம்எல் மட்டுமாவது தர முடியுமான்னு பாருங்க. ரசீது ஒண்ணும் வேணும்.”

பிடிஎஃப் இருந்தால் வரிகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் பெரும்பாலும் இடம் மாறிச் சிதறிவிடும். அதனால்தான் வரிகளைத் தனியாகக் கேட்கச் சொல்கிறேன். பணம் கைமாறுமுன் அங்கேயே உட்கார்ந்து பிடிஎஃபை ஒரு செல்போனில் திறந்து, நாலைந்து பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த எழுத்துருவே இல்லாத செல்போனில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் எழுத்துரு உள்ளே இருக்கிறது என்று பொருள்.

பணத்தை நீட்டியும் அவர் மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இறந்துபோன நுகர்வோரின் வாரிசும் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். புத்தகம் விற்பனைக்கு அல்ல, இலவசமாகக் கொடுக்க என்பது அங்கே உங்களுக்குச் சாதகம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பாக்கியைக் கொடுக்காமல் மட்டும் அங்கே போகாதீர்கள். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சித்திரைக் கொடைக்குள் புத்தகம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டிடிபி கடையில் கோப்பைத் திறந்து வரிகளை எடுப்பதை அண்ணாச்சியின் பதிலுக்காகக் காத்திருக்காமல் இப்போதே முடித்துவிடுங்கள். பிழை பார்க்கத்தான் நாள் பிடிக்கும்.